பரண் பார்த்தாச்சா?

2009 மே மாதம். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஓர் அதிகாரியின் வீட்டைப் புனேவுக்கு ஏற்றி அனுப்பினோம். கார்பன் தாள் வைத்து நான் கையால் எழுதிய பட்டியலில் 64 உருப்படிகள். ஐந்தாம் நாள் புனேயிலிருந்து போன் வந்தது. 63தான் இறங்கியது, 27-ஆம் எண் பெட்டி வரவில்லை என்றார்கள். அதில் இருந்தவை வீட்டம்மாவின் பிறந்த வீட்டுப் பித்தளைப் பாத்திரங்கள்: ஒரு தவலை, இரண்டு அடுக்கு, ஒரு காபி ஃபில்டர்.

லாரியில் சாமான்களோடு படுத்துக்கொண்டு போன லோடுமேன் மேல் சந்தேகம் விழுந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பையன், இருபது வயது இருக்கும். "நான் தொடல அண்ணே" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. பத்து நாள் கூலியைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், சமையலறைப் பரணின் மூலையில், பழைய பாய்ச் சுருளுக்குப் பின்னால், கயிறு கட்டிய பெட்டி ஒன்றைக் கண்டு காவலாளியிடம் கொடுத்தார். "பரண்ல பித்தளைச் சாமான் ஒரு பெட்டி இருக்கு, எழுதிக்கோங்க" என்று அந்த அம்மா சொன்னபோது, ஏறிப் பார்க்காமல் 27 என்று எழுதியது நான். இறக்க மறந்ததும் நான்தான். பெட்டியைப் புனேவுக்கு அனுப்பிவிட்டு, பிடித்த கூலியை எடுத்துக்கொண்டு பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய அம்மா பணத்தை எண்ணாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "எடுத்தது அவன் இல்லன்னு உங்க ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிடுங்க தம்பி" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

வீடு மாற்றித் தரும் தொழிலில் பட்டியல் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். சாமான் தொலைந்தால் பணத்தைக் கொடுத்து ஓரளவு ஈடுகட்டலாம். பட்டியல் பொய்த்தால் ஒருவனுடைய பேர் போகும். இன்று செல்போன் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து எங்கள் பட்டியலை எழுதுகின்றன. அந்தப் பையனை நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்த மாற்றத்தை நான் எடைபோடுகிறேன்.

எங்கள் வட்டாரம் ஓயாமல் இடம் மாறும் வட்டாரம். சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கியது; அதன் பழைய வளாகங்களில் ஒன்று கும்மிடிப்பூண்டி. தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட் வளாகம், அதில் மிஷெலின் டயர் ஆலை. எளாவூர் சோதனைச்சாவடி, ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திராவின் தடா, ஸ்ரீசிட்டி. தெற்கே எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும். மேற்கே திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. புனேயிலிருந்தும் ஜாம்ஷெட்பூரிலிருந்தும் பொறியாளர்கள் மாற்றலாகி வருவார்கள், மூன்று வருடத்தில் போவார்கள். அம்பத்தூரில் இடம் போதாத சிறு பட்டறைகள் காக்களூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் பெயரும். வீடும் பட்டறையும் மாற்றுவதுதான் எங்கள் பிழைப்பு.

வேலை சர்வேயில் தொடங்கும். போய் வீட்டைச் சுற்றிப் பார்த்து, எத்தனை உருப்படி, எத்தனை அட்டைப்பெட்டி, எந்த வண்டி என்று சொல்ல வேண்டும். 14 அடி வண்டியின் உள்ளளவு, அகலமும் உயரமும் ஆறாறு அடி என்று வைத்தால், 504 கன அடி. 17 அடி வண்டி என்றால் அறுநூறைத் தாண்டும். கண்ணளவில் தப்புச் செய்து 14 அடி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டிலும் வாஷிங் மெஷினும் தெருவில் நிற்கும், வண்டியில் இடம் இருக்காது. பெரிய வண்டி கொண்டுபோனால் காலி இடத்துக்கும் சேர்த்து வாடிக்கையாளர் வாடகை கொடுப்பார். இந்தக் கண்ணளவு எனக்குக் கைவர எட்டு வருடம் ஆனது.

2020 ஊரடங்கில் யாரும் எங்களை வீட்டுக்குள் விடவில்லை. வாட்ஸ்அப் வீடியோவில் வீட்டைக் காட்டச் சொல்லி சர்வே செய்தோம். ஒருவர் வீடியோவில் வீட்டைக் காட்டிக்கொண்டே போக, அதைப் பார்த்து மென்பொருளே பட்டியல் எழுதும் என்பது அதற்கு முன்பே வெளிநாட்டில் வந்திருந்தது. அமெரிக்காவின் சான் டியேகோவில் 2016-இல் தொடங்கிய யெம்போ என்ற நிறுவனம் அதைத்தான் செய்கிறது. படத்தில் உள்ள பொருளை இன்னது என்று அறிந்து, கன அளவைக் கூட்டி, எடையையும் கணித்துத் தரும். அதே வகைச் செயலி ஒன்று பிறகு எங்கள் கைக்கும் வந்தது.

முதல் சோதனையைப் பொன்னேரியில் ஒரு வீட்டில் செய்தோம். கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போய்த் திரும்பக் கூடத்துக்கு வந்ததும் ஒரே சோபா இரண்டாக ஏறியது. நிலைக்கண்ணாடியில் தெரிந்த கட்டிலும் ஒரு கட்டில். சாம்பல் நிற இரும்பு பீரோவை ஃபிரிட்ஜ் என்றது. கொல்லையில் இருந்த ஆட்டுக்கல்லுக்குப் பூந்தொட்டி என்று பேர் வைத்தது. குத்துவிளக்கை ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டது.

ஏன் இப்படி என்று விசாரித்தபோது ஒரு விஷயம் விளங்கியது. இந்த மென்பொருள்களுக்குப் பொருள்களைக் கற்பிக்க, பேர் எழுதிய படங்கள் லட்சக்கணக்கில் வேண்டும். உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் கோகோ என்ற படத்தொகுப்பு 2014-இல் வெளியானது. அதில் 80 வகைப் பொருள்கள். நாற்காலி உண்டு, சோபா உண்டு, கட்டில், சாப்பாட்டு மேசை, டிவி, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் உண்டு. ஹேர் டிரையரும் கரடிப் பொம்மையும்கூட உண்டு. பீரோ கிடையாது. கிரைண்டர் கிடையாது. அம்மி, குத்துவிளக்கு, ஊஞ்சல், அண்டா எதுவும் கிடையாது. நம் வீட்டைப் பார்த்தே இராத கண், நம் வீட்டில் எதைக் கண்டுபிடிக்கும்?

அதன் பிறகு ஒவ்வொரு சர்வே முடிந்ததும் தப்பான பேர்களைத் திருத்தி, எங்கள் சாமான்களைப் பல கோணத்தில் படம் எடுத்துச் செயலிக்காரர்களுக்கு அனுப்பினோம். டில்டிங் கிரைண்டர், டேபிள் டாப் கிரைண்டர், கொலுப்படி, மரப்பூஜை மாடம், துணி காயப்போடும் ஸ்டாண்ட், பிளாஸ்டிக் தண்ணீர்க் குடம். ஒரு வருடத்தில் அது பீரோவை பீரோ என்று சொல்லக் கற்றுக்கொண்டது. எடைக் கணக்கிலும் திருத்தம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வீட்டுச் சாமான் ஒரு கன அடிக்கு ஏழு பவுண்டு, அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல், என்று கணக்கு வைப்பது வழக்கம். மெத்தையும் சோபாவும் நிறைந்த வீட்டுக்கு அது சரி. கல்லும் வெண்கலமும் பித்தளையும் இருக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு ஏமாற்றும். ஒரு கன அடி இடத்துக்குள் அடங்கும் அம்மியைத் தூக்கிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

இப்போது மூன்று அறை வீட்டுக்கு சர்வே இருபது நிமிடத்தில் முடிகிறது. முன்பு ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரமும் என் தலை காகிதத்தில் குனிந்திருக்கும். இன்று எண்ணும் வேலை செயலியுடையது. எனக்கு வீட்டு மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேச நேரம் கிடைக்கிறது. அப்படிப் பேசும்போதுதான் பட்டியலில் ஏறாத சங்கதிகள் வெளியே வரும். "அந்தக் கட்டில் கால் ஏற்கெனவே ஆடும்", "இந்தப் போட்டோ எங்க மாமனாரோடது, வேற பிரதி இல்ல", "மருந்துப் பெட்டி எங்கூட கார்ல வரட்டும்."

புது வீட்டில் பால் காய்ச்சும் வழக்கத்தை எந்தச் செயலியும் எங்களுக்குச் சொல்லவில்லை. நல்ல நேரத்துக்குள் சாமி படம், விளக்கு, உப்பு, புளி, அரிசி, நிறைகுடம், பால் பாத்திரம், அடுப்பு உள்ளே போயாக வேண்டும். அந்தப் பெட்டி லாரியின் அடியில் மாட்டிக்கொண்டால் குடும்பமே வாசலில் நிற்கும். அதனால் பட்டியலில் 'முதல் பெட்டி' என்று தனிக் குறி வைத்தோம். கடைசியாக ஏற்றி முதலில் இறக்குவோம். செயலியை உருவாக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, ஏற்றும் வரிசையிலேயே அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

பேக்கிங் சாமான் இருப்பு வைப்பதிலும் இதேபோல ஒரு பாடம் கற்றோம். அட்டைப்பெட்டி, பபிள் ராப், ஸ்ட்ரெச் ரோல், டேப், தார்ப்பாய், கயிறு இவை குறைந்தால் வேலை நிற்கும். கூடினால் பணம் கோடவுனில் முடங்கும். அட்டை மழைக்காலத்தில் ஈரம் இழுத்து நமுத்துவிடும், அதில் புத்தகம் அடுக்கித் தூக்கினால் அடி பிய்த்துக்கொள்ளும். முந்தைய மாதங்களின் செலவைப் பார்த்து அடுத்த மாதத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று மென்பொருள் சொல்லும். பள்ளி லீவில் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் வேலை குவியும். அதைப் பார்த்துவிட்டு ஜூலைக்கும் அதே அளவு பெட்டி வாங்கச் சொன்னது. ஜூலை நடுவில் ஆடி பிறக்கும். ஆடியில் இங்கே யார் வீடு மாறுவார்கள்? மார்கழியிலும் மாற மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்பார்கள், தேய்பிறை வேண்டாம் என்பார்கள். தை பிறந்ததும் போன் ஓயாது. கம்பெனி மாற்றலில் வரும் வடநாட்டுக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்து, தமிழ் மாதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். அதன் பிறகு அது சொல்லும் அளவு நடைமுறைக்கு ஒத்துவருகிறது. நாள்காட்டி தெரியாத கணக்குப்பிள்ளையிடம் கிட்டங்கியை ஒப்படைக்க முடியாது.

பட்டறை மாற்றும் வேலை இதைவிட நுணுக்கம். அம்பத்தூரிலிருந்து காக்களூருக்கு ஒரு லேத் பட்டறையை மாற்றினோம். அங்கே கடைசல் வேலை பார்க்கும் பெரியவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து கியர் செட்டைக் காட்டினார். செயலி 'பல்சக்கரம், 14' என்று எழுதியது. எண்ணிக்கை சரி. பெரியவர் அதிலிருந்து பெரிய சக்கரம் ஒன்றைத் தனியே எடுத்து, துணியில் சுற்றி, "இது 127 பல்லு தம்பி. இங்கிலீஷ் லீட் ஸ்குரூ இருக்கற லேத்துல மில்லிமீட்டர் மரை போடணும்னா இது இல்லாம ஆகாது" என்றார். ஒரு இஞ்ச் என்பது 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அந்தக் கணக்கிலிருந்து வந்த சக்கரம் அது. மென்பொருளுக்குப் பதினாலில் ஒன்று. அவருக்கோ அது தொலைந்தால் பாதி ஆர்டர் கையை விட்டுப் போகும். அன்றிலிருந்து பட்டறைப் பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாக வைத்திருக்கிறோம்: 'இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்?' அதை அந்த மெஷினில் வேலை செய்கிறவர்தான் சொல்ல வேண்டும். அவர் வாயால் சொல்வதைப் பதிவு செய்து படத்தோடு இணைத்துவிடுகிறோம்.

பட்டியலின் அருமை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெரிந்தது. சோழவரம் பக்கம் இருக்கும் எங்கள் கோடவுனில் ஏழு குடும்பங்களின் சாமான்கள் இருந்தன. வாசல் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, மின்சாரம் இல்லை. இருந்தவர்கள் நான்கு பேர். எல்லாப் பெட்டியையும் மேலே தூக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எந்த அடுக்கில் எந்தப் பெட்டி, அதில் என்ன என்பது என் போனில் இருந்தது. தரையோடு இருந்த பெட்டிகளை மட்டும் பிரித்துக் காட்டச் சொன்னேன். புத்தகம், ஃபோட்டோ ஆல்பம், மெத்தை, டிவி இருந்தவற்றை முதலில் தூக்கினோம். எவர்சில்வர் பாத்திரம் இருந்தவற்றை விட்டுவிட்டோம், நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். விடியும்போது கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே நின்றது. ஆல்பம் ஒன்றுகூட நனையவில்லை. பழைய காகிதப் பட்டியல் மட்டும் இருந்திருந்தால் அந்த இருட்டில் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதிலேயே இரவு கழிந்திருக்கும்.

வாடிக்கையாளர்களுக்கும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சாமான் ஏற்றுகிறவரின் பொறுப்பை வரையறுக்கின்றன. கூடுதல் மதிப்பைக் குறிப்பிட்டு அதற்கான கட்டணம் செலுத்தாவிட்டால், இழப்பீடு பொதுவாக வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். இழப்பு, சேதம் என்றால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆகவே படத்தோடு கூடிய பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஏப்ரலில் வந்த இ-வே பில் முறையில், பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் சீல் பிரிக்காத புது ஃபிரிட்ஜ் ஒன்று வண்டியில் இருந்தால் பில் கேட்பார்கள். எது பழையது, எது புதியது என்று பட்டியலில் தெளிவாக இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவர் நெடுஞ்சாலையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. வீட்டுக்குள் எடுத்த வீடியோ ஒரு குடும்பத்தின் அந்தரங்கம். எந்த அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது, வீட்டில் வயதானவர் மட்டும் தனியாக இருக்கிறாரா, யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அதில் தெரியும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே நாங்கள் சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டோம். வீடியோவை வீட்டுக்காரரே எடுப்பார். நகை, பணம், பத்திரம் எங்கள் பட்டியலில் ஏறாது, அவை அவர்கள் கையோடு போகும். சாமான் இறங்கிக் கையெழுத்து ஆனதும், புகார் காலம் முடியும் வரை பொருள்களின் படங்கள் மட்டும் இருக்கும். வீட்டின் வீடியோவை அவர்கள் எதிரிலேயே அழித்துவிடுவோம்.

இந்த மாற்றத்தில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. இன்று என்னிடம் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பட்டியலை அவர்களால் படிக்க முடியாது. படிக்க முடியாத காகிதத்தில் கைநாட்டு வைப்பதும் கையெழுத்துப் போடுவதும் எவ்வளவு பெரிய ஆபத்து! இப்போது ஒவ்வொரு உருப்படியும் படமாக இருக்கிறது. தூக்குவதற்கு முன் படம், ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து ஏற்றும்போது நேரம், இறக்கும்போது நேரம். போன வருடம் ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசைக் கண்ணாடியில் கீறல் என்று சத்தம் போட்டார்கள். ஒடிசா தம்பி ஒருவன் முகம் வெளுத்து நின்றான். காலையில் அவனே எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கீறல் அதிலேயே இருந்தது. வீட்டுக்காரர் அவனைப் பார்த்து, "தப்பா நெனச்சுட்டேன்பா" என்றார். அந்த ஒரு வார்த்தை 2009-இல் அந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லை. நானும் அவனிடம் நேரில் சொல்லவில்லை.

படம் சாட்சி சொல்லும் என்றால், யாரைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லும். ஆட்களை வேவு பார்ப்பதற்கும் இதே கருவி உதவும். ஒருவன் எத்தனை நிமிடம் உட்கார்ந்தான், எத்தனை பெட்டி தூக்கினான் என்று கணக்குப் பார்த்துக் கூலியைக் குறைக்கலாம் என்ற யோசனையும் என்னிடம் சொல்லப்பட்டது. மறுத்துவிட்டேன். மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் ஃபிரிட்ஜைத் தோளில் ஏற்றுகிறவன் இரண்டு நிமிடம் மூச்சு வாங்குவதை எண்ணுவதற்காக நான் இந்தச் செயலியை வாங்கவில்லை.

கேமராவுக்கு முன்னால் வருவதைத்தான் செயற்கை நுண்ணறிவு எண்ணும். கட்டிலுக்கு அடியில் இருப்பதும், கதவுக்குப் பின்னால் தொங்குவதும், பாய்ச் சுருளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் அதற்குத் தெரியாது. ஆகையால் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. செயலி 'பட்டியல் முழுமை' என்று பச்சை நிறத்தில் காட்டிய பிறகும் வண்டியின் கதவைச் சாத்த மாட்டோம். ஒருவன் ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்து, பரணின் கடைசி மூலை வரை கையை விட்டுத் தடவிப் பார்ப்பான். "பரண் பார்த்தாச்சா?" என்று கீழேயிருந்து நான் கேட்பேன். எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்ததும் கற்றுக்கொள்ளும் முதல் தமிழ் வாக்கியம் அதுதான். "பார்த்தாச்சு அண்ணே, காலி" என்று பதில் வந்ததும் பட்டியலின் கடைசி வரியை நான் பேனாவால் எழுதுவேன்: பரண் பார்த்தோம், காலி. அதற்குக் கீழே ஏறிப் பார்த்தவனின் பெயரை எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் போடுவேன்.